இடப்பக்க சீட்

என் அருமை மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும்தான் நன்றாக இல்லை, அதுவும் மாடிப்படியைக் கண்டால் வலிக்கிறது, டீக்கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உறையைப் பார்த்ததுமே உனக்குப் புருவம் ஏறியிருக்கும். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையும் முடிக்க விடுவதில்லையே. "அம்மா, உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு வைத்தவள்தான், அதற்குப் பிறகு அப்பாவோடு மட்டும் பேசுகிறாய், என்னை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறாய். காகிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது, அதனால் உட்கார்ந்து முழுதாகப் படி.

முதலில் வீட்டு விசேஷம். கீழ் வீட்டுப் பூனை நம் டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிக் காரில், பின் சீட்டில் குட்டி போட்டுவிட்டது, கண்ணாடியை ஏற்றாமல் விட்டது யார் என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. குட்டிகள் கண் திறக்கும்வரை அந்தக் காரை எடுக்கக்கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், பழைய காரை வைத்துத்தான் வகுப்பு ஓடுகிறது. உன் சித்தி போன வாரம் வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்கிட்டு யாரைக்கா கொண்டுபோய் விடப்போறே?" என்றாள். உன்னைத்தான் முதலில் என்று சொன்னேன், கோபித்துக்கொண்டு டீயைக் குடிக்காமல் போய்விட்டாள், பாதி வழியில் திரும்பி வந்து குடித்துவிட்டுப் போனாள்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஒழுங்காகச் சொல்லவே இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் ஒரு சின்ன விமானம் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பெரிய விமானங்கள் தலைக்கு மேலே போனால் நான் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இது இறங்குகிற மாதிரி வரும், கொஞ்சம் தள்ளாடும், வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஏறிவிடும். எனக்கு ஈரத்துணியும் கையுமாகச் சிரிப்பு வந்துவிட்டது. கத்துக்குட்டி! எல் போர்டு மாட்டாத குறைதான். நம் சந்து முனையில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் போய்வருகிற என் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா என்ன. அப்படியென்றால் பக்கத்தில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார், அந்த இடம் எட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய பிறகு என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

முதலில் ஊருக்குள் இருக்கிற பெரிய பயிற்சி நிறுவனத்துக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கத் தொப்பி வைத்த பிள்ளைகள் சிரிக்கிற படம். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர், "பையனுக்கா மேடம், பொண்ணுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அப்பா கூரையைப் பார்த்தார். விமானத்தைக் காட்டுங்கள் என்றால் அது வேறு ஊரில் நிற்கிறதாம். காரே இல்லாமல் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினால் ஊர் சும்மா விடுமா? அடுத்தது ஃப்ளையிங் கிளப் என்று பலகை போட்ட ஓர் இடம். உள்ளே நான்கைந்து பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். விமானம் உண்டு, எஞ்சினை மட்டும் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், எப்போது வரும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல மனிதர்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அந்த கிளப் ரொம்பப் பிடித்துவிட்டது, இங்கேயே சேர்ந்துவிடேன் என்று வற்புறுத்தினார், ஏன் பிடிக்காது. பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஊரெல்லாம் விசாரிப்பதை விட அந்த விமானத்தின் பின்னாலேயே போய்விட்டால் என்ன என்று, ஒரு நாள் துணியை வாளியோடு வைத்துவிட்டு அப்பாவைக் காரில் ஏற்றினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, "வலது, வலது, ஐயோ மரம் மறைக்குது, நில்லு, இடது" என்று வழி சொல்ல, செங்கல் சூளைகளைத் தாண்டி ஒரு மண் பாதையில் போய் முட்டினோம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு நீளமான ஓடுபாதை, காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கம்பத்தில் ஒரு துணிக்குழாய், அவ்வளவுதான் கிளப். பலகைகூட இல்லை.

அந்தக் கத்துக்குட்டி விமானம் இறங்கி நின்றது. வலப்பக்கக் கதவைத் திறந்து பயிற்சியாளர் இறங்கிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால், யார் என்று நினைக்கிறாய், நம் உடும்பு! கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தாளே, ஸ்டீயரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வாள், நான் விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும், நீதானே அந்தப் பெயரை வைத்தாய். இனிமேல் வரவே மாட்டேன் என்று நம் ஹாலில் உட்கார்ந்து அழுதவள் இப்போது விமானத்தை இரண்டு விரலால் ஓட்டுகிறாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "மேடம், கத்துக்க வந்தீங்களா?" என்றாள். நாங்கள் போன இடத்திலெல்லாம் ஒருத்தர்கூட அப்படிக் கேட்கவில்லை. அங்கேயே சேர்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். பணத்தைப் பற்றி நீ ஆரம்பிக்காதே, என் சம்பாத்தியம், என் பாடு. உடம்பைப் பற்றிக் கேள், சொல்கிறேன். இதற்கென்றே இருக்கிற டாக்டர் கண், காது, இதயம் எல்லாவற்றையும் பார்த்தார், என் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீ சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாயே, அதைக் காட்டினேன், தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், கூடவே இன்னொரு கண்ணாடி பையில் இருக்க வேண்டும். காற்று கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் உடும்பு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள், எத்தனை முறை சிரித்த முகமாகப் போய்த் தொங்கிய முகமாகத் திரும்பியிருக்கிறேன் தெரியுமா.

இப்போது உனக்குச் சொல்லாத ஒரு விஷயம். காரில் கற்றுக்கொள்கிறவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம், என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். விமானத்தில் அது மாறி இருக்கிறது, கற்றுக்கொள்கிறவர்தான் இடப்பக்கம். எனக்குப் பழகிய பக்கம் என்று சந்தோஷமாகத்தான் ஏறி உட்கார்ந்தேன், அதுவே வினையாகிவிட்டது. மேலே போனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, சொன்ன உயரத்தில் சொன்ன திசையில் நூல் பிடித்த மாதிரி போவேன். இறங்கும்போதுதான் தொல்லை. விமானத்தில் காலுக்கு இரண்டு பெடல் உண்டு, மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவதற்கு. அதன் மேல் நுனியை அழுத்தினால் சக்கரத்துக்கு பிரேக். தரை கிட்டே வர வர, என்னைக் கேட்காமலே என் வலது கால் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிடும். மூக்கு வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பும், உடும்பு சமாளித்து மறுபடி மேலே தூக்குவாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் தனியாக ஓட்டிவிட்டு வந்து மிட்டாய் கொடுத்தார்கள், நான் வாங்கிச் சாப்பிட்டேன். உடும்பு என்னைத் திட்டவே இல்லை, நான் அவளைத் திட்டியதில் பத்தில் ஒரு பங்காவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு நாள் எஞ்சினை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள், "மேடம், அந்த பிரேக் எனக்காகப் போட்டது. என்னை மாதிரி ஆளுங்க தப்புப் பண்ணினா நிறுத்துறதுக்கு. இங்க நீங்கதானே ஓட்டுறீங்க, யாரை நிறுத்துறீங்க?" என்று. இந்தக் கால் அடங்காவிட்டால் என்னைத் தனியாக அனுப்ப முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது நம் சந்தையே தாண்டிக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன், காய்ச்சலோ என்று அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பிழை திருத்தியே காலம் தள்ளிய மனுஷர், அச்சகத்தை விட்டு வந்த பிறகும் எதைப் பார்த்தாலும் அதில் என்ன தப்பு நடக்கும் என்றுதான் அவருக்கு முதலில் தெரியும். நாற்காலி மேல் ஏறிப் பல்பு மாட்டக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு அவர் பெரிய தடையாக இருப்பார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சமையலறையில் நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு இரண்டைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்து என் கால்விரல்களுக்கு அடியில் வைத்தார். முக்காலியில் நேராக உட்காரு, குதிகாலைத் தரையில் ஊன்று, நான் சொல்கிறபோது இறங்கு, தண்ணீர் பிதுங்கினால் நீ மிதித்தாய் என்று அர்த்தம் என்றார். பிறகு அவரே, "தரை வருது... தரை வருது... ஐயோ கிட்ட வந்துடுச்சு" என்று கூவ ஆரம்பித்தார், நடிப்பே இல்லை, உண்மையாகவே அவருக்கு வியர்த்தது. முதல் நாள் சமையலறை குளமாகிவிட்டது. தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் இதுதான் எங்கள் வேலை. கிளம்புவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலையும் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார், நடுவில் எழுத்துப்பிழை வந்தால் நிறுத்தித் தலையில் அடித்துக்கொள்வார், கிளப்பில் கொடுத்துத் திருத்தச் சொல்லியும் விட்டார். மெல்ல மெல்லத் தரை காய்ந்தது. போன வாரம் ஒரு காலை, காற்றே இல்லை, நான் இறங்கி வந்துகொண்டே இருந்தேன், எப்போது சக்கரம் தொடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், "இறங்கிட்டோம் மேடம்" என்றாள் உடும்பு. நான் நம்பவில்லை. இன்னொரு தடவை போனோம், அதுவும் அப்படியே. என் கால் இரண்டும் குழந்தை மாதிரிச் சும்மா இருந்தன.

இந்த வயதில் எதற்கு என்று நீ கேட்டாய். ஓவியம் கற்றுக்கொள், நடைப்பயிற்சி போ என்று சொன்னாய், தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாரடி, எத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பேன். ஓட்டத் தெரிந்ததும் அவரவர் என் காரை விட்டு இறங்கி அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அதற்குத்தானே காசு வாங்குகிறேன். நான் மட்டும் எங்கேயும் போனதில்லை, போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்றும் உண்டு. உன்னை ஏர்போர்ட்டில் வழியனுப்பிய அன்று, இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மேலே நிற்கிறது என்றுகூடத் தெரியாமல் பெற்ற பெண்ணை அதற்குள் ஏற்றிவிட்டோமே என்று வீடு வரும்வரை அப்பாவிடம் புலம்பினேன். அன்றிலிருந்து நீ வரும்போதும் போகும்போதும் எனக்குத் தூக்கம் கிடையாது. இப்போது அது எப்படி நிற்கிறது என்று தெரியும். அடுத்த முறை நீ விமானம் ஏறும்போது நான் தூங்குவேன்.

உடும்பு நாள் குறித்துவிட்டாள். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர எடுக்கும் நாளையும் கணக்குப் போட்டு, அடுத்த மாத முதல் சனிக்கிழமை காலை என்று நானே கேட்டு வாங்கினேன். காற்று சரியாக இருந்தால் அவள் இறங்கிக்கொள்வாள், நான் தனியாக ஒரே ஒரு சுற்று. தள்ளிப்போனால் முந்தின நாளே உனக்குச் செய்தி அனுப்பிவிடுகிறேன். நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஆனால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எதிலும் கை ஓடாது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பயம் இல்லையா என்றால் இருக்கிறது, பயப்படாத பிள்ளைக்கு நானே வண்டியைக் கொடுக்கமாட்டேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு, நினைத்தது எல்லாம் உனக்குக் கைகூடட்டும், உன் வீட்டுக்காரருக்கும் எங்கள் ஆசி. மருந்தகத்தில் நாள் முழுக்க நிற்கிறாய், நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கு, அழகைப் பார்க்காதே. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை, அதனால் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள். காட்டாததற்குக் காரணம் உண்டு. அந்தச் சனிக்கிழமை எனக்குப் போன் செய்யாதே, நான் எடுக்க முடியாது. அப்பாவுக்குச் செய். உங்கள் ஊரில் அப்போது நடுராத்திரியாக இருக்கும், எனக்காகக் கொஞ்சம் விழித்திரு. இத்தனை நாள் எனக்குத் தரை வருது, தரை வருது என்று சொல்லிக்கொடுத்த மனுஷர், அன்றைக்கு அந்தத் தகரக் கொட்டகை வாசலில் ஒண்டியாக நிற்பார். ஒன்றும் பேசமாட்டார், ம் என்று மட்டும் சொல்வார், சில நேரம் அதுவும் வராது. நீ பாட்டுக்கு எதையாவது பேசிக்கொண்டே இரு, உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல், விலைவாசியைச் சொல், என்னைத் திட்ட வேண்டுமானாலும் அவரிடம் திட்டு. நான் இறங்கியதும் அவரே உன்னிடம் சொல்வார். அதுவரைக்கும் போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அன்பு
அம்மா