பிரான்சுக்குப் போனவர்கள் வீட்டுச் சாமான்

என் அன்பு மாமாவுக்கு,

தாலி கட்டிய பிறகும் உங்களை வேறு முறை சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. அம்மாவின் தம்பி எனக்கு எப்போதும் மாமாதான். செத்துப்போன புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாள் பார் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். உங்களிடம் சொல்ல ஒரு சேதி வந்திருக்கிறது. அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, நான் என்ன செய்யட்டும்?

முதலில் வீட்டு நிலவரம். சாரம் பேட்டையில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மழை பெய்தால் அதே மூலைதான் ஒழுகுகிறது, நீங்கள் வைத்த அதே தகர டப்பாவைத்தான் வைக்கிறேன். மூடிக்கிடக்கிற உங்கள் மில்லைத் திறப்பார்கள் என்று ஒரு வாரம் பேச்சு, திறக்கமாட்டார்கள் என்று மறு வாரம் பேச்சு. செல்வி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் கையைக் காட்டமாட்டேன் என்கிறாள், தோல் உரிந்துகிடக்கிறது. அவளைப் படிக்கவைப்பேன் என்று உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னவள் நான்தான். அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு என் வாய்தான் காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தை நான் விடவில்லை. வாரம் முழுக்க மில்லில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டவுனில் அந்த ஏலக் கொட்டகையில் தொண்டை கிழியக் கூவி, கறிக்கும் செல்வியின் புத்தகத்துக்கும் நீங்கள் வழிபண்ணிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கூவ வராது. அதனால் வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் கேட்டு வாங்கி வந்தேன். பித்தளைக்குப் புளி, கட்டிலில் மூட்டைப்பூச்சிக்கு மண்ணெண்ணெய், நாற்காலிக்கு உப்புக்காகிதம். பார்க்கிற மாதிரி ஆக்கி ஏலத்துக்கு அனுப்பினால் விற்ற விலையில் எனக்கு ஒரு பங்கு. கொட்டகை முதலாளியே, "கூவுனவரு போனாலும் கொறை தெரியாம பண்றம்மா" என்றார். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, சிரிக்காதீர்கள்.

உங்களுக்குப் பதிலாக வந்த ஆளும் உங்கள் பாட்டைத்தான் பாடுகிறார். "சொல்தா வீட்டுச் சாமான். குடும்பத்தோட பிரான்சு போறாங்க. வந்த வெலைக்கு தள்ளிட்டுப் போறாங்க." பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் நம் ஊரில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? கொட்டகைக்கு வந்த சாமானில் பாதி, மாசக் கடைசியைத் தாண்ட முடியாத வீடுகளில் இருந்து வந்தது. நம் தெருவில் ஒருத்தியின் தையல் மிஷின்கூட நீங்கள் கூவியபோது பிரான்சுக்குத்தான் போனது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்காத நீங்கள் ஒரு தரம், ரெண்டு தரம் என்பதை விட்டுவிட்டு "அன், தே, த்ருவா" என்று மேசையைத் தட்டுவீர்கள். ஜனங்கள் அதற்காகவே நாலணா கூட்டிக் கேட்பார்கள்.

எதுக்கு மாமா இந்தப் பொய் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வித்தவ தெருவுல தல நிமிந்து நடக்கணும். வாங்கினவ வீட்ல நிம்மதியா தூங்கணும். என் பொய்யில யாருக்குடி நட்டம்?" என்பீர்கள். நான் எழுந்து போய்விடுவேன். ஏன் எழுந்து போனேன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குமார் என் வயிற்றில் இருந்தபோது அதே கொட்டகையில்தான் நீங்கள் அந்தத் தேக்குத் தொட்டிலை வாங்கி வந்தீர்கள். அப்போது நீங்கள் கூவப் போகவில்லை, கூட்டத்தில் நின்று கேட்கிறவர்தான். பழைய ஆள் கூவினார், குடும்பத்தோடு பிரான்சு போகிறார்கள் என்று. தலைமாட்டில் இரண்டு கிளி செதுக்கிய தொட்டில். சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கும்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு பார்த்ததே இல்லை. குமார் நடக்கத் தொடங்கும் முன்னமே ஒரு காய்ச்சல் வந்து அவனைக் கொண்டுபோனது.

அப்போது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது யார் வீட்டுத் தொட்டில்? அதில் கிடந்த குழந்தை என்ன ஆனது? உங்களுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. நான் சோறு தண்ணியில்லாமல் அதன் பக்கத்திலேயே கிடந்ததால், அதைத் தூக்கிக்கொண்டு போய் அதே கொட்டகையில் விற்றுவிட்டீர்கள். அன்றைக்குக் கூவுகிற ஆள் வரவில்லை, நீங்களே மேசைமேல் ஏறினீர்கள். உங்கள் வாயால் கூவிய முதல் சாமான் அதுதான். அதுவும் பிரான்சு போகிறவர்கள் வீட்டுத் தொட்டில். நாம் அந்தப் பேட்டையை விட்டு சாரத்துக்கு வந்தோம், செல்வி பிறந்தாள், அவன் பெயரை நாம் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

கடைசி நாட்களில் கட்டிலில் கிடந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க நீங்களாகக் கேட்டீர்கள். "தனம், அந்தத் தொட்டில நான் வாங்கியிருக்கக் கூடாது இல்ல?" கஞ்சி ஆறிவிட்டது என்று எழுந்து போனேன். இல்லை என்று பொய்யாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆமாம் என்று சொல்லவும் மனசு இல்லை. திரும்பி வந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்.

உங்கள் கட்டிலையும் நான் விற்கப் போனேன் மாமா. செல்விக்குப் பரீட்சைப் பணம் கட்டவேண்டி இருந்தது. நானே தேய்த்துப் பளபளப்பாக்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மூலக்குளம் பக்கம் புதுசாக வீடு கட்டிய ஒரு பிள்ளை, கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறவில்லை, புருஷனோடு வந்திருந்தாள். கட்டிலின் தலைப்பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். விலை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, மெதுவாக, "யக்கா, நெசமா பிரான்சு போறவங்க கட்டில்தானா? சாவு கீவு எதுவும் இல்லியே?" என்று கேட்டாள்.

இதே கேள்வியைத்தானே நான் கேட்டேன்? எனக்கு யாராவது அன்றைக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் என்றுதானே இத்தனை வருஷம் வெந்துகொண்டிருக்கிறேன்? "இல்லம்மா. இது என் வீட்டுக் கட்டில். எங்க வீட்டுக்காரரு இதுலதான் செத்தாரு" என்றேன். சூடான தோசைக்கல்லைத் தொட்டமாதிரி அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அதோடு நிற்கவில்லை. "அப்ப போன மாசம் நான் எடுத்துக்கினு போன நெலக்கண்ணாடி?" என்று ஒருத்தி. "எங்க வீட்டு ஊஞ்சப் பலக?" என்று இன்னொருத்தர். முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "உனுக்கு என்னா பைத்தியமா தனம்? உன் கட்டில் ஒண்ணுன்னா போவுது. இங்க இருக்கிற அத்தன சாமானுக்கும் சாவு கட்டிட்டியே. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தெருவில் தையல் மிஷின்காரி என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். அடுத்ததாக அவள் கதையைச் சொல்லிவிடுவேன் என்று பயம். வருமானம் நின்றது, செல்வி தானாகவே புத்தகத்தைக் கட்டிவைத்தாள். கட்டில் திரும்ப வந்துவிட்டது. நான் அதில் படுப்பதில்லை, பக்கத்தில் தரையில் படுக்கிறேன்.

இப்போது நான் சொல்லவந்த சேதி. போன வாரம் காலையில், செல்வி கொல்லையில் தலை வாரிக்கொண்டிருந்தாள், ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். என் வயசு இருக்கும், ஓடி வந்தமாதிரி இரைப்பு. "ஏலம் கூவுவாரே, அவரு வீடு இதானா?" என்றாள். அவர் இல்லை என்றேன். "தெரியும்மா. உங்களத்தான் பாக்க வந்தேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு சொன்னாங்க."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவரு கையால ஒரு தொட்டில் வாங்கினோம். ரொம்ப வருஷம் ஆச்சு. பெரியவன், அடுத்தவன், பொண்ணு, மூணும் அதுலதான் வளந்துச்சுங்க. ரொம்ப நாள் கழிச்சு இப்ப ஒண்ணு பொறந்துக்குது. ரெண்டு மூணு நாளா காய்ச்சலு, எறங்கவே மாட்டங்குது. ஏலத்துல நடந்தத கேட்டுட்டு எங்க மாமியாரு, செத்த புள்ள கெடந்த தொட்டிலோ என்னமோ, ஒடச்சு அடுப்புல வையிங்குது. அதுல கெடந்த புள்ள இருக்குதாம்மா?"

எப்படிப்பட்ட தொட்டில் என்று கேட்டேன். "தலமாட்டுல கிளி இருக்கும். ஒரு கிளிக்கு மூக்கு ஒடஞ்சிருக்கும்" என்றாள்.

அந்த மூக்கை உடைத்தது யார், மாமா? கிலுகிலுப்பையால் தட்டித் தட்டி உடைத்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தவன் யார்?

அவள் முகத்தைப் பார்த்தேன். ஏலத்தில் உண்மை சொல்லிப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டவள் நான், அந்தப் பெயரை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். "இருக்கான்மா" என்றேன். "குமாருன்னு பேரு. நல்லா வளந்துட்டான். ஒசரம் அவங்க அப்பா மாதிரி. கிளி மூக்க ஒடச்சதே அவன்தான், அப்படி ஒரு சேட்ட. தொட்டில ஒண்ணும் பண்ணாத. புள்ளய தூக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம், நானும் கூட வரேன்." அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவனைப் பற்றி அவ்வளவு பேசியதே அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பார்க்கலாம் என்றார் டாக்டர். பிழைக்குமா, இன்னும் தெரியவில்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்தப் பெரிய பையனையும் அங்கே பார்த்தேன், மீசை அரும்பிவிட்டது. அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுவந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், பையன் கூச்சப்பட்டுப் போய்விட்டான்.

மூன்று பிள்ளைகள் மாமா, அதே தொட்டிலில். தொட்டிலில் ஒன்றும் இல்லை. அதை ஆசைப்பட்டு வாங்கி வந்த உங்கள் மேலும் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்தது, நம் பிள்ளை போய்விட்டான், அவ்வளவுதான். கட்டிலில் கிடந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? நானாவது அன்றைக்கு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் முகத்தை என் பக்கம் திருப்பியிருக்கக் கூடாதா?

அங்கே அவன் உங்களோடு இருக்கிறானா? அவனுக்கு உங்களை அடையாளம் தெரிந்ததா?

அந்த அம்மா போன பிறகு திரும்பினால், செல்வி சீப்பும் கையுமாகக் கொல்லைக் கதவில் நிற்கிறாள். "யாரும்மா குமாரு?" என்றாள். வேலைக்கு நேரமாகிறது, கிளம்பு என்றேன். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது என் முகத்தையே பார்க்கிறாள்.

ஊராரிடம் இனி நான் எந்த வீட்டுச் சாமானைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன். செல்விக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்குப் பட்டறையில் இருந்து வந்ததும், அந்தக் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே சொல்கிறேன், உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று. இது சத்தியம் மாமா.

குமாருக்கும் செல்விக்கும் அம்மா,
உங்கள் அக்கா மகள்
தனம்