அரை டேங்க் தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

பதினோராவது நடை. இரண்டாயிரம் லிட்டர், பதினான்கு கிலோமீட்டர் ஏற்றம், இருபத்திரண்டு வளைவு. ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். எங்கும் திணறவில்லை.

என் வீட்டுக்காரர் இருந்தவரை இந்த டீசல் பிக்கப்பை நான் கடைத்தெருவுக்கு மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். டிரெய்லர் மாட்டி இழுப்பதெல்லாம் அவர் பாடு. முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு அறுபத்தேழு வயதில் தண்ணீர் இழுக்கக் கற்றுக்கொள்கிறேன். அக்டோபரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து ஊற்று வற்றியது. மலைமேல் இருந்த ஒன்பது வீட்டில் ஐந்தில் பூட்டுத் தொங்குகிறது. அக்கா மட்டும் அசைவதாக இல்லை. அறுபது எலுமிச்சை மரம், ஒரு வீடு, எழுபத்தைந்து வயது.

வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாடி தண்ணிக்காரி. இன்னிக்கு எந்த கியர்ல வந்தே?"

"மூணு."

"பாஸா, ஃபெயிலா?"

பாஸ் என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

பன்னிரண்டாவது நடை. மேகம் வந்தது. போய்விட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். கியர் ஆயிலை முகர்ந்து பார்த்தே நோய் சொல்கிறவர் என்பதால் ஊரே அவரை மூக்கன் என்கிறது. நான் மரியாதையாக மூக்கர் என்று எழுதிவைக்கிறேன். "நல்லவேளை, நான் உங்ககிட்ட படிக்கல டீச்சர். இப்ப உங்களுக்குப் பாடம் எடுக்கிறது பழி வாங்குற மாதிரி ஆயிருக்கும்" என்று சிரித்தார்.

மறக்காமல் இருக்க, அவர் முதல் நடையிலிருந்தே சொல்லிவருவது: சுமை மாட்டியதும், கிளம்பும் முன்பே, கியர் தண்டின் நுனியில் இருக்கும் 'டோ மோடு' என்ற, பாரம் இழுப்பதற்கான பொத்தானை அழுத்தவேண்டும். ஏற்றத்தில் கியர் தானாக மாறும் 'டி'-யிலேயே விட்டுவிடக்கூடாது. மூன்றாம் கியருக்கு மேல் போகாமல் கட்டிப்போட வேண்டும். இறக்கத்தில் எந்த கியர் என்பதை இறக்கம் தொடங்கும் முன்பே முடிவு செய்யவேண்டும். வேகம் பிடித்த பிறகு யோசித்துப் பயனில்லை.

ஏன் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டேன்.

"தானா மாத்திக்கிற கியர் பெட்டி டீச்சர். ஆனா ஏத்தத்துல அதுக்கு மனசு நிலைக்காது. நாலுக்குப் போகும், மூணுக்கு வரும், திரும்ப நாலு. ஒவ்வொரு மாத்தத்துக்கும் உள்ள சூடு."

அப்படி ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. சரியான விடையை எழுதிவிடும். அழிக்கும். வேறு எழுதும். அதையும் அழிக்கும். மணி அடிக்கும்போது தாள் கிழிந்திருக்கும். டோ மோடு என்பது அந்தப் பிள்ளையின் கையிலிருந்து ரப்பரை வாங்கி வைப்பது. இதைச் சொன்னதும் மூக்கர் கொஞ்சம் யோசித்து, "இத நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாமா?" என்றார். பெருமையாக இருந்தது. இந்த வயதிலும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அக்காவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி அவள் மகன் போன் செய்திருக்கிறான். மறுபடியும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் போன வருடம் அவன் வீட்டில் இரண்டு மாதம் இருந்ததைப் பற்றி அக்கா இன்றுதான் வாய் திறந்தாள், மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே.

"ஹால்ல மூலையில மடக்குக் கட்டில். எல்லாரும் டிவி பார்த்து முடிச்சாதான் நான் படுக்கணும். விளக்கு அவங்க அணைச்சா எனக்கு ராத்திரி. அவங்க போட்டா எனக்குக் காலை. யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசலடி. ஆனா ஸ்விட்ச் எங்கிட்ட இல்ல."

இங்கே எலுமிச்சை விற்கிறாள், அதில் சாப்பிடுகிறாள். நினைத்தபோது விளக்கைப் போடுகிறாள். மரம் போனால் இதெல்லாம் போகும்.

என்னோடு வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் இருப்பதே மகள் வீட்டுப் பின்னறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. பதினேழாவது வளைவில் கியர் ஆயில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி இருபது நிமிடம் காத்திருந்தேன். இந்தப் பெட்டி போனால் அக்காவின் கதை முடிந்தது. மூக்கர் விடிந்ததும் கிளம்பச் சொல்கிறார். விடிந்ததும் கிளம்பித்தான் இப்படி.

சாயந்திரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு நடை, இரண்டாயிரம் வீதம், நாலாயிரம். நாலு நடை, ஆயிரம் வீதம், அதே நாலாயிரம். வண்டிக்குப் பாதிச் சுமை. டீசல் கூடும், போகட்டும். வண்டிப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். குறைந்த சுமைக்கு டோ மோடு தேவையில்லை என்று இருக்கிறது. கியரையும் கட்டிப்போடாமல் 'டி'-யிலேயே விட்டால் எஞ்சின் கத்தலும் குறையும்.

எளிய கணக்கு. இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை?

மார்ச் 5, வியாழன்

அரை டேங்க்கோடு முதல் நடை. தண்ணீர் நிலையத்தில் பிடித்துக் கொடுப்பவர், "இவ்ளோதானாம்மா?" என்றார். "இன்னும் மூணு தடவை வருவேன்" என்றேன். "வாங்க வாங்க, எனக்கும் பேச்சுத்துணை" என்றார்.

மார்ச் 11, புதன்

வளைவுகளில் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் இருக்கிறது. பிறகு பின்னாலிருந்தே பிடித்து இழுப்பதுபோல். சாலை அவ்வளவு மோசமாகிவிட்டது. முள் இறங்கவில்லை. வெயில்.

மார்ச் 17, செவ்வாய்

முடிந்தது.

பத்தொன்பதாவது வளைவு. எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்க இரைச்சல் மட்டும். கருகின வாடை. மூக்கர் வரவேண்டியதில்லை, எனக்கே தெரிந்தது.

மீட்பு வண்டி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதன் ஓட்டுநர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணியத் திறந்து விடுங்கம்மா. இதோட இழுக்க முடியாது" என்றார்.

"இன்னும் மூணே வளைவுதான்பா. மேல கொண்டுபோய்ட்டு —"

"நான் கீழதான்மா இழுக்க வந்தேன்."

நானே வால்வைத் திறந்தேன். ஆயிரம் லிட்டர். சாலையோரமாக ஓடி, வளைவில் திரும்பி, நான் வந்த வழியே இறங்கிப் போயிற்று. பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு இரண்டு நாள் தண்ணீர். குனிந்து கையை நனைத்துக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

மூக்கர் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே இருக்கும் தட்டுகள் கரிந்து கறுத்துவிட்டன. ஆயில் காப்பி டிகாஷன்போல் இருந்தது.

"எவ்ளோ தண்ணி ஏத்தினீங்க?"

"பாதிதான். வண்டி பாவம்னு —"

அவர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "பாதியா?"

"ஆமா."

"உள்ள தடுப்புத் தகடு இல்லாத டேங்க்ல பாதியா? டீச்சர், நீங்க அரை வாளி தண்ணியத் தூக்கிட்டு ஓடியிருக்கீங்களா? எப்படி ஆடும்? நிறைஞ்ச டேங்க்ல தண்ணிக்கு நகர இடமில்ல. பாதி இருந்தா அது முன்னாடி வந்து இடிக்கும், பின்னாடி போய் இழுக்கும். பெட்டிக்கு ஒரு நொடி சுமையே இல்ல, மறு நொடி ரெட்டைச் சுமை. மாத்தி மாத்தியே செத்திருக்கு. டோ மோடு போட்டீங்கல்ல?"

நான் கறுத்த தட்டுகளைப் பார்த்தேன்.

"போடலையா?"

"குறைஞ்ச சுமைக்கு வேண்டாம்னு புத்தகத்துல —"

"புத்தகம் எழுதினவன் மலைக்குத் தண்ணி இழுத்தானா டீச்சர்?" கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சந்தேகம் வந்தால் கேள், வெட்கப்படாதே. எத்தனை ஆயிரம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்! எனக்குச் சந்தேகம் வரவில்லையே. அதற்கு என்ன செய்வது? விடை சரியாக வந்தது. நாலாயிரம் நாலாயிரம்தான். அந்தப் பிள்ளையின் கையில் ரப்பரைத் திருப்பிக் கொடுத்தவள் நான்.

உதிரிபாகம் வர மூன்று வாரம்.

மார்ச் 23, திங்கள்

தண்ணீர் லாரிக்காரர் மூவரிடம் கேட்டாகிவிட்டது. அந்த வளைவுகளில் லாரி திரும்பாது என்கிறார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர் பத்து கேன் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னொரு முறை முடியாதாம். பத்து கேன் என்றால் இருநூறு லிட்டர். ஒரு மரத்துக்கு எவ்வளவு? வேண்டாம். கணக்கு வேண்டாம்.

மார்ச் 28, சனி

போனில் அக்கா. கடைசியாக இருந்த பக்கத்து வீட்டாரும் கிளம்பிவிட்டார்களாம்.

"அவங்க தொட்டியில கொஞ்சம் மிச்சம் இருக்கு, எடுத்துக்கச் சொன்னாங்க. நீ ஒண்ணும் கவலைப்படாதே."

"தூக்காதே அக்கா."

"பின்ன, அது நடந்தா வரும்?"

ஏப்ரல் 2, வியாழன்

போன் எடுக்கவில்லை. சாயந்திரம் எடுத்தாள். தூங்கிவிட்டாளாம். பகலில் தூங்குகிறவளா அவள்?

ஏப்ரல் 6, திங்கள்

மகள் கேட்டாள், "அம்மா, இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" தட்டைக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

வண்டி வந்தது. டேங்க் நிறைய, டோ மோடு, மூன்றாம் கியர். முள் நடுவிலேயே நின்றது. இத்தனை ஒழுங்காக இந்த வண்டி ஒருநாளும் ஏறியதில்லை.

அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே நாற்காலியில் இருந்தாள். எழும்போது மேசையைப் பிடித்தாள், பிறகு சுவரை. இடுப்பில் பழைய புடவைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எப்ப விழுந்தே?"

"நீ வராத வாரத்துல ஒண்ணு."

"எந்த வாரம்?"

"கணக்கு டீச்சர்கிட்ட எல்லாத்துக்கும் கணக்கு சொல்லணுமா?"

ரெண்டு கையிலும் கேனோடு விழுந்திருக்கிறாள். கேன் இரண்டும் உடையவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னாள்.

மரங்களைப் பார்க்கப் போனேன். இலை சுருண்டு, காய் மிளகுபோல் கறுத்து. ஒவ்வொன்றின் பட்டையையும் நகத்தால் கீறினேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர். அறுபதையும் கீறினேன். ஏழில் பச்சை.

இரண்டாயிரம் லிட்டரையும் ஏழு மரத்துக்கு விட்டேன். மண் குடிக்கும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 13, திங்கள்

எக்ஸ்ரே. இடுப்பு எலும்பில் விரிசல். பாரம் தூக்கக்கூடாது, தனியாக இருக்கக்கூடாது. டாக்டர் இதை என்னைப் பார்த்துச் சொன்னார். அக்கா கேட்காதவள்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சொல்லிவிட்டேன். அரை டேங்க், டோ மோடு, எல்லாம். வண்டி தானாகக் கெடவில்லை, நான் கெடுத்தேன் என்று.

"சொல்லாமயே இருந்திருக்கலாம்டி. நான் பாட்டுக்கு மழை மேல கோபமா இருந்தேன். இப்ப உன்மேலயும் படணுமா?"

ஏப்ரல் 16, வியாழன்

அவள் மகன் என்னைக் கூப்பிட்டான். "சித்தி, நீங்க தண்ணி கொண்டுபோனதாலதான் அம்மா அங்கேயே இருந்தாங்க" என்றான். நன்றியா, குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை. அவனுக்கே தெரியுமோ என்னவோ.

ஏப்ரல் 18, சனி

"வர்றேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

டேங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் டிரெய்லரோடு ஏறினேன். காலி என்பதால் வண்டி துள்ளியது. மேலே பீரோ, தையல் மெஷின், இரண்டு பெட்டி, கட்டில் எல்லாம் ஏற்றினோம். மூக்கரும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், கேட்காமலே. கயிறு கட்டியதும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்.

"இவ்ளோ நாள் பாரத்தோட ஏறி, காலியா இறங்கினீங்க. இன்னிக்கு தலைகீழ். டோ மோடு போடுங்க. உச்சியிலயே ரெண்டாவது கியர். பிரேக்கை நம்பாதீங்க. எஞ்சின் பிடிச்சுக்கும். சமதரைக்கு வந்ததும் எடுத்துடுங்க, இல்லன்னா வீணாக் கத்தும்."

அக்கா வீட்டைப் பூட்டினாள். சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பு திரும்ப விடாது என்றாள்.

இரண்டாம் கியரில் இருபத்திரண்டு வளைவு. எஞ்சின் ஓயாமல் உறுமிக்கொண்டு வண்டியைப் பின்னுக்குப் பிடித்தது. பிரேக்கை நான் எத்தனை முறை தொட்டேன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பேசினால் கேட்காத சத்தம். அதுவும் நல்லதாகப் போயிற்று.

அடிவாரம் வந்தது. சமதரை. நேர்ச்சாலை. நான் கியரை எடுக்கவில்லை.

மறந்து அல்ல. கை அங்கேதான் இருந்தது. அவள் மகன் வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். போட்ட கணக்குகளிலேயே அந்த ஒன்று மட்டும் இனித்தது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவர் முந்திப் போகும்போது ஜன்னலை இறக்கி ஏதோ கத்தினார். ஹாரன்மேல் ஹாரன். எஞ்சின் அலறியது. அக்கா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு கிலோமீட்டர் போனபிறகு கியர் தண்டின் மேலிருந்த என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"எத்தனாவதுல போறே?"

"ரெண்டு."

"சமதரைதானே இது?"

"ஆமா."

"போதும்டி. பின்னாடி இருக்கிறவங்களுக்கும் வீடு இருக்கும்ல. மாத்து."

'டி'-க்குத் தள்ளினேன். மூன்று, நாலு, ஐந்து என்று அதுவே ஏறிக்கொண்டது. ஒருமுறைகூடத் தயங்கவில்லை. உள்ளே சத்தம் அடங்கியதும் பின்னால் கட்டில் சட்டம் பீரோவில் தட்டிக்கொண்டே வருவது கேட்டது.