ஜோஷ்வாவின் தாடி

2025 ஜூலை 8, செவ்வாய்

முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் லேட். புதுவாயல் ஜங்ஷனில் நின்று நின்று கால் கடுத்துப்போனது. தேர்வாய் கண்டிகை போய்ச் சேர்வதற்குள் லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. நாள் முழுக்க பாட்டில் மூடி பார்க்கிற வேலை. கண்ணை மூடினாலும் மூடிதான் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்தால் ஜோஷ்வா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒர்க் ஷாப் சார், தாடியோடு உள்ளே வராதே என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாராம். மற்ற பையன்கள் நாளைக்கே ஷேவ் பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். இவன்?

"மா, ஒரு ரேசர் வாங்கிக்கறேன். பதினெட்டு ஆயிடுச்சு எனக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 9, புதன்

மாஸ்க் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கேட்டால் சளி என்று சொல்லிக்கொள்வானாம். எத்தனை நாளைக்குச் சளி பிடிக்கும்?

ஜூலை 10, வியாழன்

டீ டைமில் நந்தினியிடம் வாய்தவறி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜோஷ்வாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, சின்னக் கத்தரிக்கோலால் நான்தான் அவன் தாடியை ஒட்ட வெட்டிவிடுகிறேன் என்று.

"இன்னாடி, காலேஜ் போற பையனுக்கு நீ வெட்டி உடுறியா? கொழந்தையா அவன்?" என்று சிரித்தாள். ஆறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம். அவளிடம் நான் சொன்னதே இல்லை. இன்றைக்குச் சொன்னேன். அவனுக்கு ஹீமோபீலியா. ரத்தத்தை உறையவைக்கிற சத்து அவன் உடம்பில் இல்லை. நமக்குக் கீறினால் கொஞ்ச நேரத்தில் நிற்கும், அவனுக்குச் சுலபத்தில் நிற்காது. அம்மா வழியாக ஆண் பிள்ளைக்கு வருகிற வியாதி. என் தம்பி எட்வர்டுக்கும் இருந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான், தலையணையெல்லாம் ரத்தம், பிழைக்கவில்லை. வியாதிக்குப் பெயர் உண்டென்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

நந்தினி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "கரண்ட்டு ஷேவர் வாங்கிக் குடேன் சாரா. எங்க மாமனாருக்குச் சக்கரை, அவரு அதுலதான் பண்றாரு. பிளேடு தோல்ல படாதாம்" என்றாள்.

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பிளேடு, பிளேடு என்று அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

புதுவாயலில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஷேவர் கேட்டால் டிரிம்மரை எடுத்துத் தருகிறார்கள். முனையில் சீப்பு மாதிரி பல். விரலை வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. இதில் தோல் மாட்டினால்?

"வலை மாதிரி மேல மூடி இருக்குமே, அது இல்லியா?" என்றேன்.

"அதெல்லாம் இங்க யாரு வாங்கறாங்கக்கா. பையனுக்குத்தானே? ரேசர் வாங்கிக் குடு, நாலு வாட்டி வெட்டிக்கினா தானா பழகிடுவான்."

கடைக்காரர் நல்லபடியாகத்தான் சொன்னார். நான் இறங்கி வந்துவிட்டேன். நாலு வாட்டி வெட்டிக்கொள்வதாம்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்புமுன் கத்தரிக்கோலை எடுத்தேன். ஜோஷ்வா நாற்காலியில் உட்காரவில்லை. "வேணாம்மா" என்றான். கோபமாகக்கூட இல்லை.

பாட்டு நேரம் முழுக்க அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ணினேனா என்று கேட்டால் இல்லை.

ஜூலை 17, வியாழன்

அவர், ஜோஷ்வாவின் நைனா, மீஞ்சூரிலிருந்து ஒரு ஷேவர் வாங்கி வந்தார். லோடு இறக்குகிற இடத்துக்குப் பக்கத்துக் கடையாம். மூன்று வட்டத் தலை, மேலே வலை. "இந்தா, இதோட உடு. ஊட்ல இதே பேச்சா பூட்ச்சி, பேஜாரா இருக்கு" என்று மேசையில் வைத்தார். பேச்சுத்தான் அப்படி. டப்பாவைப் பிரித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அவர்தான்.

ஜோஷ்வா கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. முதலில் நான் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓட்டினேன். முடியெல்லாம் போனது. தோலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாளை வைத்து நம்ப முடியுமா?

ஜூலை 18, வெள்ளி

இன்றும் ஓட்டினேன். முடியில்லாத கை. கம்பெனியில் கிளவுஸ் கழற்றும்போது நந்தினி பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கோழி உரிச்ச மாதிரி" என்றாள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 19, சனி

மூன்றாவது வாட்டி. ஒரு தலையின் ஓரத்தில் வலை பிசிறு எழும்பியிருந்திருக்கிறது. கையில் மெல்லிசாக ஒரு கோடு, அதில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள்.

துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பொட்டுகள் கறுத்துக் காய்ந்தன. எனக்கு நிற்கிறது. என் வயிற்றில் பிறந்தவனுக்கு நிற்காது.

ஷேவரைப் பழைய துணியில் சுற்றிக் குப்பையில் போட்டேன். ஜோஷ்வா, "அதான் தெரியுமே" என்றான்.

ஜூலை 22, செவ்வாய்

இன்னான்னு எழுதறது.

சாயந்திரம் உள்ள வரான், மூஞ்சி மழமழன்னு இருக்கு. தாடைக்குக் கீழ பஞ்சு ஒட்டிக்கினு இருக்கு. பஞ்சு செவப்பு. சலூனுக்குப் போயிருக்கான். யார் யாருக்கோ போட்ட கத்தியோ இன்னாவோ. மஞ்சக்காமாலை வந்தா? அந்த ஆளுக்கு இவன் ஒடம்பு தெரியுமா?

"சொன்னியாடா அவர்கிட்ட?"

"சொன்னா செய்வாரா?"

தாடையைப் புடிச்சித் திருப்பிப் பாத்தேன். பஞ்சை எடுக்காதேன்னு கையைத் தட்டி உட்டான். "புது பிளேடுதான் போட்டாரு. அழுத்திப் புடிச்சிக்கினு ஒக்காந்தேன், நின்னுடுச்சி. நின்னுடுச்சிமா, பாரு."

நான் கேக்கலை. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். காலேஜே வேணாம், ஊட்ல கெடன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் அவன் சொன்னான்: "எட்வர்ட் மாமாவை நான் போட்டோல பாத்ததோட சரி. நீ என்னைப் பாக்கறப்பல்லாம் அவரைத்தான் பாக்கற."

நொண்டிக்கினே உள்ள போனான். செருப்பு கடிச்சிருக்குமோன்னு நெனச்சேன்.

ஜூலை 23, புதன்

ஜோஷ்வாவுக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

ஜூலை 24, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டே இருப்பேன், காவலாளி இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டார்.

செருப்பு இல்லை. முட்டி.

காலையில் பேன்ட் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது முட்டி தேங்காய் மாதிரி வீங்கி, தொட்டால் நெருப்பாகக் கொதிக்கிறது. திங்கட்கிழமையே பஸ் படியில் இடித்துக்கொண்டானாம். அன்றைக்கே உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன். சலூனுக்கும் இந்தக் காலோடுதான் நடந்து போயிருக்கிறான். நான் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது முட்டி உள்ளே நிரம்பிக்கொண்டிருந்தது.

அவர் வண்டி எடுத்து வந்தார். பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர். பள்ளம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஊசி போட்டாயிற்று. உறையவைக்கிற சத்து மருந்து. இளமதி சிஸ்டர் போட்டார், ஜோஷ்வாவைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவர். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து ஐஸ் கட்டினார்.

"உனக்கே தெரியுமே தம்பி. சுருக்குனு ஆரம்பிக்கும்போதே வரணும்னு எவ்ளோ வாட்டி சொல்லியிருக்கேன். ஏன் சொல்லலை?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஐஸைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா காலேஜ் வேணாம்பாங்க" என்றான்.

சிஸ்டரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

லீவ் சொல்லிவிட்டேன். வீக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு ஊசி.

சிஸ்டரைத் தனியாகப் பிடித்து ஷேவர் விஷயம் கேட்டேன். கையைக்கூடக் காட்டினேன். சிரிக்கவில்லை அவர்.

"கரண்ட்டு ஷேவர் நல்ல யோசனைதான்க்கா. ஆனா நல்லதா வாங்கணும். நேரா இருக்கிற தலை, மேல முழுசா வலை. அழுத்தக் கூடாது, வலை தேய்ஞ்சா மாத்தணும், இன்னொருத்தர் தொடக் கூடாது. முடிஞ்சா ஊசி போட்ட நாள்ல பண்ணிக்கட்டும். டாக்டரும் இதத்தான் சொல்வாரு" என்றார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "மூஞ்சில சின்னதா கீறினா அழுத்திப் புடிச்சா பெரும்பாலும் நின்னுடும். நிக்கலைன்னா இங்க வரணும், அவ்ளோதான். எங்களுக்குப் பயமெல்லாம் மூட்டு உள்ள கசியறதுதான்க்கா, தலைல அடி படறதுதான். கண்ணுக்குத் தெரியாது பாருங்க. அவன் வாயைத் தொறந்து சொன்னாத்தான் நமக்குத் தெரியும்" என்றார்.

அவன் வாயைத் திறந்து சொன்னால்தான். அவன் சொல்லாதபடிக்குப் பார்த்துக்கொண்டவள் யார்?

எட்வர்டுக்கும் அப்படித்தானோ. அம்மா பதறுவாள் என்று தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தானோ. தெரியாது. இனிமேல் தெரியவும் தெரியாது.

ஜூலை 29, செவ்வாய்

இரண்டாம் ஷிப்ட். மனசு எதிலும் நிற்கவில்லை. கோணல் மூடிகளைத் தப்பவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போவதற்கு முன் ஜோஷ்வாவிடம், "திங்கட்கெழமையிலேருந்து காலேஜ் போ" என்றேன். நம்பாமல் பார்த்தான். "சாருக்கு நான் வந்து சொல்லட்டா?" என்றேன். "வேணாம். நானே சொல்லிக்கறேன்" என்றான். சரி என்று சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

கும்மிடிப்பூண்டி போனோம், நானும் அவனும். இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய கடை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கவுன்டரில், "அண்ணா, எனக்கு ஹீமோபீலியா. வெட்டுப்பட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது. வலை வச்ச ஷேவர் வேணும், வட்டத்தலை வேணாம், டிரிம்மர் வேணாம்" என்றான். பக்கத்தில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். எனக்கு எங்கேயாவது போய் நின்றுகொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பேரை நான் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. அவன் பிளட் குரூப் சொல்கிற மாதிரி சொல்கிறான்.

கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார். ஜோஷ்வா ஒன்றை வேண்டாம் என்றான், மாற்று வலை கிடைக்காதாம். இன்னொன்றின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்து ஓரமாக வைத்தான். மூன்றாவதை வாங்கினோம்.

பஸ்ஸில் டப்பாவை அவன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். என் கை இரண்டு தடவை அதற்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே வண்டு மாதிரிச் சத்தம். சத்தம் நின்றால் பயம், நிற்காவிட்டாலும் பயம். அவன் நைனா பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் ரொம்ப நேரமாக ஒரே பக்கத்தில்தான் இருந்தார்.

கதவு திறந்தது. காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டிருக்கிறான், மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. தோல் லேசாகச் சிவந்திருந்தது. ரத்தம் இல்லை.

"இன்னா, அப்டி பாக்கறீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல. நாஷ்டா சாப்புடு" என்றார் அவர்.

ஆகஸ்ட் 20, புதன்

தாடைக்குக் கீழ் ஒரு கீறல். நான் பார்ப்பதற்கு முன்பே அவனே வந்து காட்டினான். அழுத்திப் பிடித்துக்கொண்டு டி.வி. பார்த்தான். நின்றுவிட்டது. நான் சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் எத்தனை தடவை நடந்தேனோ.

செப்டம்பர் 11, வியாழன்

முதல் ஷிப்ட். போனெல்லாம் லாக்கரில்தான். டீ டைமில் எடுத்தால் ஜோஷ்வாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னால் பஸ் இரைச்சல்.

"மா, முட்டி லேசா சூடா இருக்கு, அதே கால்தான். சாருகிட்ட சொல்ட்டு திருவள்ளூர் போய்க்கினு இருக்கேன். இளமதி சிஸ்டருக்கும் போன் பண்ணிட்டேன். வீக்கம்லாம் இல்ல. நீ ஷிப்ட் முடிச்சிட்டு வா, போதும்."

நந்தினியும் மெசேஜைக் கேட்டாள். "கெளம்பு சாரா, நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிக்கறேன்" என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பையை வாங்கினேன். கேட் வரைக்கும் போனேன். மெசேஜை இன்னொரு தடவை கேட்டேன். குரலில் நடுக்கம் இல்லை.

திரும்பி வந்து கிளவுஸ் மாட்டிக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊசியெல்லாம் போட்டு முடித்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெட்காரரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மணியைப் பார்த்தான்.

"நெஜமாவே முடிச்சிட்டா வந்த?" என்றான்.