எதுவும் சேர்க்காத மாவு

பல்கலைக்கழக மகளிர் விடுதி,
கொல்கத்தா.
9 பிப்ரவரி 2025

மகேஸ்வரன் அவர்களுக்கு,

கல்யாணமாகி ஏழு வருடத்தில் உங்கள் பெயரை நான் எழுதிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. போனில் பேசினால் "சரி விடு, சங்கரி" என்று முடித்துவிடுவீர்கள். எழுத்தில் அப்படி விட முடியாது. அதனால்தான் நம் கடையில் மாவு ஆட்டும் லக்ஷ்மி அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என் ஆராய்ச்சியைப் பற்றிக் கடைக்கு வருகிறவர்களிடம் "கம்ப்யூட்டர் சூட்டைப் பிடிக்கிற படிப்பு" என்பீர்கள். தப்பில்லை. பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் கூடத்தில் இயந்திரங்களுக்குப் பின்பக்கம் முப்பத்தெட்டு டிகிரியில் காற்று வந்துகொண்டே இருக்கிறது. அதன் சூட்டை ஏசி போட்டு இழுத்து மொட்டை மாடியில் கொட்டுகிறார்கள். மின்சாரம் எடுக்க அந்தச் சூடு காணாது. வேறு எதற்கு ஆகும் என்பதுதான் என் நாலாவது அத்தியாயம். குளிர்காலத்தில் இந்த ஊரில் இட்லி மாவு பொங்காமல் நீங்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனையே எனக்கு வந்தது.

தினமும் ஒரே தடவையில் ஆட்டிய மாவு, ஆறு கிலோ டப்பா இரண்டு. ஒன்று கூடத்தின் பின்னால் நான் செய்து வைத்த பெட்டியில், சூடான காற்றில். இன்னொன்று கரியாஹாட்டில் நம் கடை அலமாரியில், வெறும் குளிரில். நாற்பது நாள். குளிர் டப்பாவில் மாவு எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று தினமும் காலையில் நீங்கள் போட்டோ அனுப்ப வேண்டும். மாவில் எதுவும் சேர்க்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டினீர்கள்.

போன வாரம் ஆய்வுக் குழு அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னது. குளிரில் இருந்த மாவும் கிட்டத்தட்ட அதே அளவு பொங்கியிருக்கிறதே, பிறகு உன் சூடு எதற்கு என்று கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் தோசை வார்த்துக் கொடுத்து, "விடு, உன் கணக்கு எங்கயாவது தப்பிருக்கும்" என்றீர்கள்.

மறுநாள் கடையில் லக்ஷ்மி அக்காவிடம் இதைச் சொன்னேன். மாவு ஆட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "அலமாரி டப்பாவுலதான் அண்ணன் தெனமும் ஒரு கரண்டி பழைய மாவு ஊத்துதாகளே, ஒங்களுக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலமே துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். எனக்காகத் திருட்டுத்தனம் செய்திருந்தால் சூட்டு டப்பாவில் ஊற்றியிருப்பீர்கள். நீங்கள் குளிர் டப்பாவில் ஊற்றினீர்கள். என் அத்தியாயத்தைவிட உங்களுக்கு ஆறு கிலோ மாவு பெரிதாகப் போயிற்று.

எந்தெந்தத் தேதியில் ஊற்றினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

சங்கரி


கரியாஹாட்.
12 பிப்ரவரி 2025

அன்புள்ள சங்கரிக்கு,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன்.

நீ எதுவும் சேர்க்காதே என்றாய். நான் என்ன சேர்த்தேன்? கடை வாசலில் என்ன போர்டு தொங்குகிறது? 'எதுவும் சேர்க்காத மாவு'. திறந்த நாளிலிருந்து அதுதான் தொங்குகிறது. சோடா போடுகிறவன், ஈஸ்ட் போடுகிறவன், அவன்தான் சேர்க்கிறவன். பழைய மாவும் மாவுதானே. ஜனவரி மாதம் ஒரு கரண்டி பழைய மாவு ஊற்றாமல் எந்த வீட்டில் மாவு பொங்குகிறது? அதைப் போய் யாராவது 'சேர்த்தேன்' என்று சொல்லுவார்களா? எனக்குச் சத்தியமாகத் தோன்றவில்லை.

அலமாரியில் இருந்த டப்பா உனக்கு ஆராய்ச்சி. எனக்கு அது மறுநாள் வியாபாரம். இரண்டு நாள் ஊற்றாமல் கொடுத்தால் பாலிகஞ்சிலிருந்து வரும் வங்காளி அம்மா, நாம் பௌதி என்று கூப்பிடுகிறவர், "தாதா, இட்லி பாதர் ஹொயே கேச்சே" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். கல்லு மாதிரி இட்லிக்கு உன் குழுவா பதில் சொல்லும்? பொங்காத மாவை என்ன செய்வது என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா?

நீ மட்டும் யோக்கியமா? உன் மேஜையில் கிடந்த கட்டுரையைப் படித்தேன். கடைசியில் 'மாவு வழங்கிய உள்ளூர் வியாபாரி ஒருவருக்கு நன்றி' என்று இருந்தது. உன் புருஷன் மாவு விற்கிறவன் என்று போட உனக்கு வெட்கமா? அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உனக்குச் சாப்பாடு போட்டேன்.

தேதி கேட்டாய். எல்லா நாளும் ஊற்றினேன், டிசம்பர் 22 முதல் 29 வரை தவிர. அந்த எட்டு நாளும் நான் கோவில்பட்டியில், தங்கை மகளின் காது குத்துக்குப் போயிருந்தேன். லக்ஷ்மி அக்காவை ஊற்றச் சொல்லிவிட்டுத்தான் போனேன். "சேக்கக் கூடாதுன்னு அண்ணி சொல்லிருக்காக" என்று அவர் ஊற்றவில்லை. எட்டு நாள் மாவு வீணாகிவிட்டது என்று வந்ததும் அவரைத் திட்டினேன்.

இப்படிக்கு,
உள்ளூர் வியாபாரி


விடுதி.
15 பிப்ரவரி 2025

மகேஸ்வரன் அவர்களுக்கு,

வெட்கம் இல்லை. சொந்தக்காரர் கொடுத்த மாவு என்று தெரிந்தால் குழு சந்தேகப்படும், பெயர் வேண்டாம் என்று என் கைடு சொன்னார். அதை உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் சரிதான் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நான் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்த எட்டு நாளும் குளிர் டப்பா ஏறவே இல்லை. மற்ற நாட்களோடு ஒத்துப் போகவில்லை. அனுப்பியது லக்ஷ்மி அக்கா, அவருக்குக் கோடு பார்க்கத் தெரியாது என்று நானே முடிவுகட்டி, அந்த எட்டு நாளையும் அடித்துவிட்டேன். உங்கள் முப்பத்திரண்டு போட்டோவை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினேன். என் நாற்பது நாள் வேலையில் உண்மையாக இருந்தது நீங்கள் ஊரில் இல்லாத எட்டு நாள்தான். அதை என் கையாலேயே தூக்கி எறிந்தேன்.

லக்ஷ்மி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கோடு பாக்கத் தெரியாமலா இத்தன வருசமா மாவு அளந்து போடுதேன்?" என்றார். நாலு அறை வாங்கினதைப் போல இருந்தது.

அந்த எட்டு நாளை வைத்துக் கைடிடம் மன்றாடி, அடுத்த குளிர்காலத்தில் திரும்பச் செய்ய அனுமதி வாங்கியிருக்கிறேன். அதுதான் கடைசி. அதோடு என் காலக்கெடு முடிகிறது, தவறினால் பட்டம் இல்லை. இந்தத் தடவை மாவை உங்கள் போட்டிக்காரர் வெங்கட்ராமன் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

சங்கரி


கரியாஹாட்.
20 நவம்பர் 2025

சங்கரிக்கு,

வெங்கட்ராமன் கடை என்று நீ எழுதியதற்கு ஒன்பது மாதம் பதில் போடவில்லை. வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன், திட்டிக்கொண்டாவது கேள். அவன் மாவில் சோடா இருக்கிறது. ஆள் விட்டு வாங்கி, கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது. நம் மாவு அப்படி வராது. உன் கடைசிக் குளிர்காலமும் கெட்டுப் போகும்.

நான் ஆட்டித் தருகிறேன். இரண்டு டப்பாவும் உன்னிடமே இருக்கட்டும். என் அலமாரி வேண்டாம். ஆட்டும்போது நீ வந்து பக்கத்தில் நில், உன் கையால் மூடி, டேப் ஒட்டி எடுத்துக்கொண்டு போ. கோடு பார்க்க லக்ஷ்மி அக்காவைக் கூப்பிட்டுக்கொள். பொங்காத டப்பாவை மட்டும் திருப்பி அனுப்பாதே, என்னால் பார்க்க முடியாது.

இல்லை, அனுப்பு. பார்க்கிறேன்.

மகேஸ்வரன்


விடுதி.
24 ஜனவரி 2026

அத்தானுக்கு,

நாற்பது நாளும் முடிந்தது. சூட்டு டப்பா நாற்பது நாளும் இரண்டு மடங்கு ஏறியது. குளிர் டப்பா ஒரு நாள்கூட அந்த ஏற்றத்தில் பாதி தாண்டவில்லை. போன வருடம் சிரித்தவர் இந்த வருடம் சிரிக்கவில்லை. அத்தியாயம் நிற்கிறது.

நாற்பது நாளும் நீங்கள் ஆட்டும்போது பக்கத்தில் நின்று, என் கையால் மூடி எடுத்து வந்தேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு வருடம் போயிற்று, அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

நன்றிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். 'மாவு வழங்கியவர் என் கணவர் மகேஸ்வரன், மாவு வியாபாரி. முதல் ஆண்டு குளிர் டப்பாவில் அவர் தினமும் ஒரு கரண்டி பழைய மாவு சேர்த்ததால் அந்த முடிவுகள் விலக்கப்பட்டன. இரண்டு ஆண்டும் சரியாக அளவு பார்த்தவர் லக்ஷ்மி.' இது நூலகத்தில் எப்போதும் இருக்கும். உங்களுக்குச் சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரே வராது.

சங்கரி


கரியாஹாட்.
26 ஜனவரி 2026

சங்கரிக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு திருத்தம். 'தினமும்' என்று எழுதியிருக்கிறாய். தினமும் இல்லை, முப்பத்திரண்டு நாள். அதை மாற்று.

போர்டைக் கழற்றிவிட்டேன். புது போர்டு எழுதிய பெயின்டர் வங்காளி, நான் எழுதிக் கொடுத்த தமிழைப் பார்த்து வரைந்தார். 'குளிர்காலத்தில் பழைய மாவு சேர்க்கப்படும்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கிறது. பௌதி வந்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அது எல்லோரும் செய்வதுதானே என்று சொல்லி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் மாவு இருக்கிறது. பழைய மாவு சேர்த்ததுதான். சொல்லிவிட்டேன்.

மகேஸ்வரன்