எந்தக் குண்டு?

ஜூன் 8, திங்கள்
தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. வாயெல்லாம் மண். தலையிடி. கொழும்புச் சமாதானக் குழுவிலிருந்து மறுபடி கடிதம். அணுகுண்டைத் தடைசெய்யக் கேட்கும் மனுவுக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு கையெழுத்தும் வரவில்லையாம். உலகம் முழுக்கப் போடுகிறதாம். போடட்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்குக் கொப்பிகள் திருத்தாமல் கிடக்கின்றன. மண்ணெண்ணெய், சவர்க்காரம் வாங்க வேண்டும்.

ஜூன் 9, செவ்.
பள்ளி விட்டதும் சைக்கிளில் கரைக்கு. குண்டு வேண்டாமென்று ஒரு மனு எனத் தொடங்கியதுமே ஒருவர் வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்னொருவர் தனக்கு ஒன்றும் தெரியாது, பொலிசைக் கேளுங்கோ என்றார். ஒரு கையெழுத்துமில்லை. டயரிலும் காற்றில்லை. உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 10, புதன்
அதிசயம். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தாள் நிறையக் கைநாட்டு வைப்பித்தார். தேத்தண்ணியும் தந்தார். இனி ஒருத்தனும் குண்டு போடமாட்டான் என்று அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.
பிறகுதான் மண்டையில் ஏறியது. இந்தக் கரையில் குண்டு என்றால் மீனுக்கு எறியும் டைனமைற். நேற்று ஓடினவர்கள் எறிகிறவர்கள். இன்று வந்தவர்கள் அதனால் மீன் இழந்தவர்கள். நானும் ஒரு வாத்தியார்.

ஜூன் 11, வியாழன்
வீடுவீடாக விளக்கம். இது வேறு குண்டு, ஒன்று விழுந்தால் ஊரே மிஞ்சாது என்று. சம்மாட்டி முகத்தைச் சுளித்தார். பலர் பேரை வெட்டச் சொன்னார்கள், வெட்டினேன். தொண்டை கட்டிவிட்டது.
நேற்றைய வரிசையில் கடைசியாக வந்து கைநாட்டு வைத்த திரேசம்மா மட்டும் வெட்டவிடவில்லை. புருஷன் கடலில் குண்டு கையிலேயே வெடித்துச் செத்தவர். இப்போது மகன் பிலிப்பும் அதே தொழில்.
"தூரத்துத் தாய்மாருக்கும் பிள்ளையள் இருக்கும்தானே, மாஸ்ரர். என்ர பேர் கிடக்கட்டும். ஆனா பிலிப்போட ஒருக்காக் கதையுங்கோ. நான் சொன்னாக் கேக்கிறானில்லை."
ஓம், கதைக்கிறேன் என்றுவிட்டேன். பாவம் மனுசி. எனக்கோ ஒரே அலுப்பு.

ஜூன் 12, வெள்ளி
காற்று குறைவு. மிஞ்சிய பேர்களைத் தபாலில் போட்டாயிற்று. பிலிப்பைத் தோணியடியில் பிடித்தேன். அப்பர் போனதை நினைத்துப் பார், அம்மாவுக்கு இனி நீதானே என்றேன். கோபிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.
"நான் விட்டாலும் அடுத்த ஊரார் விடமாட்டினம், மாஸ்ரர். முதல்ல அவையை விடச் சொல்லுங்கோ. அண்டைக்கே நானும் விடுறன்."
வல்லரசுகளின் இதே கதையைப் பேப்பரில் வாசித்து எத்தனை தரம் திட்டியிருப்பேன். இவனைத் திட்ட வாய் வரவில்லை. தோணி மண்ணில் இறுகியிருந்தது. ஒரு கை குடுங்கோ என்றான். கடலுக்குள் தள்ளிவிட்டேன்.