வயிற்றைத் திறந்த நேரம்

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ பதறாமல் படிக்க, எழுதப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. நான் நலம்.
2. செவ்வாயன்று ஒரு குடல் ஆபரேஷனைச் சிறு துளைகள் வழியாகத் தொடங்கி, உரிய நேரத்தில் வயிற்றைத் திறந்து முடித்தேன்.
3. நீ அனுப்ப வேண்டியவை.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். பழைய ஆபரேஷன் தழும்போடு குடல் பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. கேமராவில் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன்.

“சார், அரை மணி ஆச்சு, ஒண்ணும் நகரல,” என்றார் நர்ஸம்மா.

“அஞ்சு நிமிஷம்மா.”

சற்றுப் பொறுத்து, “இதோட மூணு அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. வயித்தைத் திறக்கிற கருவி செட்டைப் பிரிச்சு வெச்சுட்டேன்,” என்றார்.

திறந்தேன். விரல்களுக்குப் பத்து நிமிட வேலை. மயக்கம் தெளிந்த டிரைவர், “மூணு ஓட்டைன்னீங்க டாக்டர், ஜிப்பே வெச்சுட்டீங்களே,” என்றார். நேற்று அவருக்குக் காற்று பிரிந்தது. குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். வார்டே சிரித்தது. நான் அறைக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியும் கைவைத்த பனியன் இரண்டும் அனுப்பு. போனில் பேசி முடித்ததும் வைத்துவிடாதே. நீ பாத்திரம் கழுவினாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். போகுமுன் ஒன்று: மேலே இரண்டாவதில் ‘உரிய நேரத்தில்’ என்று எழுதியது தவறு. கிழவனுக்குக் கை ஓடவில்லை என்பார்களோ என்று பயந்து, நர்ஸம்மா சொன்ன பிறகும் கால் மணி நேரம் இழுத்தேன். அப்போதுதான் குடலில் ஒரு கிழிசல் விழுந்தது. தைத்துவிட்டேன். டிரைவருக்கு அது தெரியாது. இப்போது போய்ச் சொல்லப் போகிறேன்.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்