உங்கள் டிராகன் படகை நான் கவிழ்த்துவிட்டேன், அண்ணி

என் அன்பு அண்ணிக்கு,

ஆற அமர உட்கார்ந்து கேளுங்கள், பிறகு திட்டுங்கள். உங்கள் படகைக் கவிழ்த்துவிட்டேன். அதுவும் பாய் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது.

பிரேசர் டவுன் பிரியாணிக் கடை பாய்தான், வேறு யார்? டிராகன் படகு சீனாக்காரன் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று லிங்கராஜபுரமே சிரித்தபோது நீங்கள் கடை கடையாக ஏறி இறங்கினீர்கள். பிளைவுட் கடைக்காரர் துடுப்பு வாங்கித் தந்தார். மெடிக்கல் ஷாப்காரர் லைஃப் ஜாக்கெட். படகையே வாங்கிக் கொடுத்தவர் பாய். "அந்தம்மா வந்து நின்னா இல்லேன்னு சொல்ல வாய் வரல" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். படகின் முனையில், துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்தபடி, மேளம் அடித்துக் குரல் கொடுக்கிற இடம். நாத்தனார்தானே, அதே குரல் இருக்கும் என்று நினைத்தார்களாம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எப்படி, அண்ணி, ஒரே குரல் இருக்கும்? ஒருத்தராவது யோசித்தார்களா?

நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நம் படகில் துடுப்புப் போடுகிற பெண்களில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம். நிறுத்த வேண்டுமென்றால் நீங்கள் எப்போதும் "நில்லு" என்றுதான் கத்துவீர்கள். இரண்டு பாஷையிலும் நில்லு என்றால் நில்லுதான். வேறு எந்த வார்த்தையும் வாயில் வரக் கூடாது என்று எங்களிடம் சொல்லிச் சொல்லி உங்களுக்குத் தொண்டையே கட்டிப்போகும்.

படகு கவிழ்ந்த அன்றைக்கு, வாங்கிக் கொடுத்த கடைக்காரர்கள் எல்லாரையும் அல்சூர் ஏரிக்குக் கூப்பிட்டிருந்தோம். பாய் ஆசை ஆசையாக ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களை மாதிரியே செய்துகாட்ட வேண்டும் என்று அடித்தேன் பாருங்கள் மேளம், படகு பறந்தது. திரும்பிப் பார்த்தால் கரை பக்கத்தில் வந்துவிட்டது. பதறிப்போய் "பிடி! பிடி!" என்று கத்திவிட்டேன்.

தமிழ் ஆட்கள் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் பிடித்தார்கள். கன்னடத்தில் அதையே கேட்டால் "விட்டுவிடு" என்று அர்த்தம். கன்னடக்காரர்கள் துடுப்பைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து தமிழ் ஆட்கள் எல்லாம் ஒரே பக்கம். நீங்களாக இருந்தால் கலந்து உட்கார வைத்திருப்பீர்கள். நான் கவனிக்கவே இல்லை. படகு ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்தது, எல்லாரும் ஏரிக்குள்ளே. மல்லேஸ்வரம் சவிதா மிதந்துகொண்டே, "அக்கா, ஹிடி அந்த்ரா, பிடி அந்த்ரா?" என்கிறாள். பிடிக்கச் சொன்னீர்களா, விடச் சொன்னீர்களா என்று.

பாயைக் கரையேற்றியபோது உடம்பெல்லாம் பாசி. அவர் மகன் என்னைப் பார்த்து, "அத்தாவுக்கு ஏதாவது ஆயிருந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். அடுத்த நாள் பாய்க்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தது.

படகுக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், அண்ணி. போனை அணைத்துவிட்டேன். சவிதா பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டினாள். "கீ மட்டும் கொடுங்க அக்கா, நாங்க பாத்துக்கறோம்" என்று கெஞ்சினாள். தலைவலி என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினேன். படகு இறங்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. கோயிலுக்குப் போவேன், உங்கள் கல்லறையில் பூ வைப்பேன், அழுவேன். பாவம், அண்ணி போனதிலிருந்து இவள் தேறவே இல்லை என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லி ஒளிந்துகொண்டேன், அண்ணி. கவிழ்த்ததைவிட இதுதான் என்னை அரிக்கிறது.

நேற்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாயின் கடைக்குப் போனேன். கல்லாவில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா ஃபிலோ. தண்ணி குடிக்கிறியா? எனக்கு வேணாம், ஏரியிலயே வயிறு முட்டக் குடிச்சிட்டேன்."

அவர் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். "மன்னிச்சிடுங்க பாய்."

"அட, நனைஞ்சா காயும், அதை விடு. போன வாரம் ஏரிப் பக்கம் போனேன். கொட்டாய் பூட்டிக் கிடக்கு. என்ன விஷயம்?"

"வெக்கமா இருக்கு பாய். அண்ணி இடத்துக்கு நான் லாயக்கில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்க அண்ணி இடத்துக்கா நான் படகு குடுத்தேன்? வாரம் பூரா நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிற பொம்பளைங்க, ஒரு நாளாவது தண்ணியில சிரிச்சிட்டுப் போகணும்னு குடுத்தேன். நீ கவுத்தது ஒரு தடவம்மா. பூட்டினது எத்தனை வாரம்?"

உங்களுக்கு நான் செய்கிற துக்கம் இது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையை அல்லவா பிடுங்கி வைத்திருந்தேன்? அவர்களில் ஒருத்தியாவது என்னிடம் வந்து சண்டை போட்டிருக்கக் கூடாதா?

கடையிலிருந்து நேரே மல்லேஸ்வரம் போனேன். சவிதா ஒன்றும் கேட்கவில்லை, காப்பி கொடுத்தாள். அது இன்னும் சங்கடமாக இருந்தது. மேளம் யார் அடிப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். என்னைக் கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டால் ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டு கடைசியில் உட்காருவேன்.

உங்களுக்கு ஒரே ஒரு சத்தியம், அண்ணி. கொட்டகைச் சாவி இனி என் கையில் இருக்காது. சவிதாவிடம் கொடுத்துவிட்டேன். நான் அழுகிற வாரமும் படகு தண்ணீரில் இறங்கும்.

இன்னும் உங்கள் திட்டுக்குக் காத்திருக்கும் நாத்தனார்,
ஃபிலோ